புல்லட்டின் பளபளப்புக்கு யார் விலை கொடுத்தார்கள்?

பழைய புல்லட்டைப் பற்றி யார் எழுதினாலும் மூன்று ஊர்களின் பெயர் தவறாமல் வரும். இங்கிலாந்தின் ரெட்டிச், வடசென்னையின் திருவொற்றியூர், இப்போதைய ஒரகடம். எந்த வருடம் எந்த மாடல் வந்தது, எஞ்சின் எத்தனை சிசி, எந்த வருடம் எந்த நிறம் என்பதெல்லாம் தேதியோடு கிடைக்கும். 50 வருடத்துக்கு முந்தைய வண்டியைத் துருவிலிருந்து மீட்டுப் புதிதுபோல நிறுத்துகிறவர்களின் படங்களும் நிறையக் கிடைக்கும். படத்தில் வண்டி இருக்கும், உரிமையாளர் இருப்பார். அந்த சைலன்ஸரைத் தேய்த்தவர், மட்கார்டை அமிலத்தில் முக்கி எடுத்தவர், தேய்ந்துபோன புஷ்ஷுக்குப் பதிலாகப் புதிதாகக் கடைந்து கொடுத்தவர் யாரும் அதில் இருக்கமாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் உலோகப் பாகங்களைச் செய்வதும் மெருகேற்றுவதும் எப்படி நடக்கிறது, அந்த வேலை யார் யாருக்கு எப்படிப் பங்குபோடப்பட்டது, சட்டம் எந்த வாசலோடு நின்றுவிட்டது என்று பார்ப்போம். சாதியைப் பேசும்போது நிலத்தையும் கோயிலையும் சுடுகாட்டையும் பேசுகிறோம். அவசியம்தான். ஆனால் பட்டறையையும் பேச வேண்டும். நம் தம்பிகளில் பலர் இப்போது அங்கேதான் நிற்கிறார்கள்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

ராயல் என்ஃபீல்டின் முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வந்தது. புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. இந்தியாவில் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' நிறுவனம் அந்த வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. 1952-இல் ராணுவம் 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. 1956-இல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கின, இங்கே பூட்டப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் பூட்டியவை 163 வண்டிகள். 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளும் அச்சுகளும் இந்திய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

அதற்குள் இங்கிலாந்தில் கதை முடியத் தொடங்கிவிட்டது. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் அங்கே உற்பத்தியே நின்றது. 1977-இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. ஆண்டவர்கள் கைவிட்ட ஒரு வண்டியை ஆளப்பட்டவர்களின் கைகள் உயிரோடு வைத்திருந்தன. அந்தக் கைகளுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

ஒரு பாகம் எப்படிப் பிறக்கிறது?

பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. உள் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 90 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் 346 சிசி. பல வருடம் ஓடிய சிலிண்டர் உருளையாக இருக்காது. பிஸ்டன் அழுத்தும் பக்கம் தேய்ந்து லேசாக முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அதைப் போரிங் மெஷினில் கட்டி, தேய்ந்த அளவுக்கு மேல் கொஞ்சம் கடைந்து, ஹோனிங் கல்லால் மெல்லிய குறுக்குக் கோடுகள் விழும்படி தேய்த்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். கோடுகள் அழகுக்கு அல்ல, அவற்றில்தான் எண்ணெய் தங்கும். அளவு நூறில் சில பங்கு மில்லிமீட்டர் தவறினாலும் எஞ்சின் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

நட்டு போல்ட்டில் இன்னொரு சிக்கல். பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் மரை, அங்குலக் கணக்கு. இன்று ஹார்டுவேர் கடையில் கிடைப்பது மெட்ரிக் மரை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். பலம் கொடுத்து முறுக்கினால் அலுமினிய உறையில் இருக்கும் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கிடைக்காத போல்ட்டை லேத்தில் புதிதாகக் கடைவார்கள். மரை கேஜை வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று பார்த்து, லேத்தின் பல்சக்கரங்களை அதற்கேற்ப மாற்றி, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக வெட்டுவார்கள்.

உடைந்த அலுமினியப் பாகம் எங்குமே கிடைக்காவிட்டால் வார்க்க வேண்டும். பழைய பாகத்தையே அச்சாக மணலில் பதித்து வார்த்தால் புதியது சிறியதாக வரும். உருகிய அலுமினியம் ஆறும்போது 100 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். அனுபவம் உள்ளவர் அச்சின் மேல் அந்த அளவுக்குப் பூசி அதைப் பெரிதாக்கிக்கொண்டுதான் பதிப்பார். ஓட்டை விழுந்த டேங்க்கை வெல்டிங் வைப்பது இதைவிட ஆபத்தானது. காலி டேங்க் என்று நினைப்போம், உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும். கழுவி, தண்ணீர் நிரப்பி, ஆவியை வெளியேற்றாமல் நெருப்பைக் காட்டினால் வெடிக்கும்.

இதையெல்லாம் செய்கிறவர்கள் பெரும்பாலும் புத்தகம் பார்த்துக் கற்றவர்கள் அல்ல. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்து லேத் பட்டறைகள் பம்புசெட்டையும் டிராக்டரையும் நம்பி நடப்பவை. ஆனால் பம்பு ஷாஃப்டைக் கடைகிற கைக்கு புல்லட் ஆக்ஸிலைக் கடைவது புதிய வித்தை அல்ல. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவே சாலையோரம் இருக்கும் இந்தச் சின்ன ஊரிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறிய பல பேருடைய முதல் சம்பளம் ஏதோ ஒரு இரும்புப் பட்டறையில்தான்.

துருத்தியின் தோல்

நம் நாட்டில் உலோகவேலை எப்போதும் சாதிக்குள் பூட்டி வைக்கப்பட்ட அறிவு. கொல்லர், தச்சர், கன்னார், கல்தச்சர், தட்டார் என்ற ஐவரும் கம்மாளர். தந்தையிடமிருந்து மகனுக்குத் தொழில் போகும். அவர்களும் சாதிப் படிக்கட்டில் தங்களுக்கான இடத்துக்காகப் போராடியவர்கள்தான். தங்கள் சடங்குகளைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமை கேட்டு, 1818-இல் சித்தூர் நீதிமன்றத்தில் பிராமணர்களோடு வழக்காடினார்கள். அந்தச் சித்தூர் அப்போது வட ஆற்காட்டின் பகுதி.

ஆனால் அந்தக் கொல்லன் உலையின் முன்னால் இருந்த துருத்தியைப் பாருங்கள். தோல் இல்லாமல் துருத்தி இல்லை, துருத்தி இல்லாமல் உலை இல்லை. செத்த மாட்டை இழுத்துப் போட்டு, உரித்து, பதப்படுத்தித் தோலாக்கியவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய உழைப்பு உலைக்குள் போனது, அவர்கள் போகவில்லை. கலப்பைக்குக் கொழு அடித்தவனின் பெயர் தொழிலின் பெயராக நின்றது. துருத்திக்குத் தோல் கொடுத்தவனின் பெயர் வசைச்சொல்லாக மாற்றப்பட்டது. ஒரே பட்டறை, இரண்டு வரலாறு.

இயந்திரமும் தொழிற்சாலையும் வந்தபோது இது தானாக உடையும் என்று பலர் நம்பினார்கள். அண்ணல் அம்பேத்கர் நம்பவில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அவர் பேசியது நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய ஒன்று. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவருக்கு இடமில்லை. காரணம், நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டும், அந்த எச்சில் மற்றவர்களுக்குத் தீட்டு. கூலி அதிகமான பிரிவும் அதுதான். ரயில்வேயிலும் நம் மக்கள் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் வேலையிலேயே நிறுத்தப்பட்டார்கள், பட்டறைக்குள் மேலே போக வழியில்லை. நவீன இயந்திரத்தைச் சுற்றிப் பழைய தெருக்களே போடப்பட்டதை அவர் பார்த்தார். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று அதற்கு 2 ஆண்டுகள் முன்பே அவர் எழுதியிருந்தார்.

அதனால்தான் 1942 அக்டோபரில் வைஸ்ராயிடம் கொடுத்த நீண்ட மனுவில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கான உதவித்தொகையைக் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களை அப்ரண்டிஸ்களாக எடுக்கச் சொன்னார். கருவியைக் கையில் பிடிக்கும் உரிமையை அவர் கல்வி உரிமையோடு சேர்த்தே வைத்தார். தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்த காலத்தில் தயாரான திருத்தம்தான் 1946-இல் ஆலைத் தொழிலாளரின் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. 1880-களிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்கள் போயின. பண்ணையார் பிடியிலிருந்து தப்பிக்க அது ஒரு கதவு. பூமிக்கு அடியில் இறங்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. கூடவே பாறைத்தூசும் நுரையீரலுக்குள் போனது. சிலிகோசிஸ் என்ற பெயர் அங்கே வீட்டுப் பேச்சில் புழங்கும் சொல். விடுதலைக்கு வழியாக வந்த உலோகமே நோயாகவும் வந்தது. இந்த இரட்டை முகத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஐ.டி.ஐ.க்கள் வந்தன. 1961-இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது, பின்னர் அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட்டன. கொல்லனாகப் பிறக்காதவனும் ஃபிட்டராகலாம், டர்னராகலாம் என்று அரசு முத்திரை குத்திச் சொன்ன இடம் அது. இன்று நம் காலனியிலிருந்து ஒருவர் லேத்தின் முன் நின்று மைக்ரோமீட்டர் பிடிக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

ஆனாலும் நான் பார்த்த பட்டறைகளில் ஒரு கோடு தெரிகிறது. அளவெடுக்கிற வேலை, வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை, கணக்குப் பார்க்கிற வேலை ஒருபுறம். தேய்க்கிற, கழுவுகிற, அமிலத்தில் முக்குகிற வேலை மறுபுறம். முதல் பக்கம் போக ஒரு மாமாவோ சித்தப்பாவோ ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும், அல்லது ஐ.டி.ஐ. முடிக்கும் வரை வீடு பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்கு இரண்டாவது பக்கம்தான் கதவு திறக்கிறது. சாதியைக் கேட்டு யாரும் அங்கே அனுப்புவதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

மெருகு என்கிற வேலை

அந்த இரண்டாவது பக்கத்தில்தான் புல்லட்டின் அழகு உருவாகிறது. எப்படி என்று பார்ப்போம்.

துருப்பிடித்த சைலன்ஸரோ ஹேண்டில்பாரோ வந்தால் முதலில் பழைய குரோமை உரிக்க வேண்டும். அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டி. பிறகு எமரி சக்கரத்தில் தேய்ப்பு. 80-ஆம் நம்பர் கரடு, அடுத்து 120, அடுத்து 220 என்று படிப்படியாக நைசாகப் போவார்கள். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கீறலை அழிக்க வேண்டும். பிறகு துணி மாப்பில் பஃப் சோப்புப் போட்டு பஃபிங். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று ஓடும் சக்கரம் அது. பொருளின் விளிம்பைத் தவறான கோணத்தில் காட்டினால் மாப்பு அதைப் பிடுங்கி எறியும், நெஞ்சிலும் அடிக்கும், முகத்திலும் அடிக்கும். தூசு கண் இமையிலிருந்து கால்விரல் வரை கருப்பாகப் படியும்.

அந்தத் தூசைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2014 ஆகஸ்டில் சீனாவின் குன்ஷான் நகரில் வாகனச் சக்கரங்களுக்கு மெருகேற்றும் ஆலையில் அலுமினியத் தூசு வெடித்தது. 146 பேர் இறந்தார்கள்.

பஃபிங் முடிந்த பாகம் முலாம் தொட்டிகளுக்குப் போகும். செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியாகக் குரோமியம். நிக்கல் 10 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும். மேலே பூசும் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு, தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய பூச்சு எந்தக் கீறலையும் மறைக்காது, இருப்பதைப் பெரிதாக்கித்தான் காட்டும். ஆகவே நீங்கள் குரோம் என்று பார்க்கிற கண்ணாடிப் பளபளப்பு உண்மையில் அடியில் இருக்கும் தேய்ப்பு. அதைக் கொடுத்தவர் பஃபிங் சக்கரத்தின் முன்னால் நின்றவர். பழைய வண்டியை மீட்கும் வேலையில் வண்டிக்காரர் முதலில் பாராட்டுவது எந்த அழகையோ, அதைச் செய்தவர்தான் பட்டறையில் கடைசி ஆள்.

குரோம் தொட்டியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம், அதோடு கொஞ்சம் கந்தக அமிலம். இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. தொட்டிக்குள் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் குரோமியத்தைப் படிய வைக்கிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்குகிறது. அந்தக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது குரோமிக் அமிலம் மஞ்சள் பனிபோலக் காற்றில் ஏறும். தொட்டிக்கு மேல் குனிந்து பாகத்தைக் கம்பியில் மாட்டுகிறவரின் மூக்கு அந்தப் பனிக்கு நேராக இருக்கிறது.

மூக்கின் வரலாறு

எங்கள் பக்கத்திலிருந்து சென்னை போய்ப் பல வருடம் முலாம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "மொதல்ல மூக்குல அரிப்பு தம்பி. அப்புறம் காஞ்சி பொறுக்கு கட்டும். ஒரு நாளு பொறுக்கு பெருசா வந்துடுச்சி. வெரல வச்சிப் பாத்தா இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓட்ட. வலிக்கவே இல்ல." வேலை கொடுத்தவர் சைனஸ் என்று சொன்னாராம். இவரும் பல வருடம் அப்படியே நம்பியிருக்கிறார்.

அது சைனஸ் அல்ல. மூக்கின் நடுச்சுவரைக் குரோமிக் அமிலம் அரித்துத் துளைப்பது, மருத்துவம் கிட்டத்தட்ட 200 வருடமாக அறிந்த நோய்க்குடும்பத்தில் ஒன்று. 1827-இல் கிளாஸ்கோவில் வில்லியம் குமின் என்ற மருத்துவர், குரோமிய உப்புகளைக் கையாண்ட தொழிலாளிகளின் தோலில் விழுந்த ஆழமான புண்களைப் பதிவு செய்தார். 1890-இல் அதே ஊரில் குரோமியச் சாயத் தொழிலாளி ஒருவரின் மூக்கில் புற்றுநோய் பதிவானது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மனிதருக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்த செய்தி, முதல் வகைப் பட்டியலில் இருக்கிறது.

குரோமிய முலாம் 1920-களின் நடுவில்தான் வியாபாரமாக வளர்ந்தது. சில வருடங்களிலேயே தொழிலாளிகளின் மூக்கில் ஓட்டை விழுவதைப் பார்த்த பிரிட்டன், 1931-இல் குரோமிய முலாமுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. அதாவது ரெட்டிச்சில் புல்லட் என்ற பெயர் அறிமுகமான காலத்திலேயே அந்த நாட்டில் குரோம் தொட்டிக்குச் சட்டம் இருந்தது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் குரோமியப் புண்ணை அறிவிக்க வேண்டிய நோயாக வைத்தது. தமிழ்நாட்டின் 1950-ஆம் ஆண்டு விதிகள் குரோமிக் அமில முலாமை ஆபத்தான வேலை என்று வகைப்படுத்தி, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்றன. 1923-இன் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் குரோமிய நோய்கள் இருந்தன. புத்தகத்தில் எல்லாம் இருந்தது.

பிரச்சினை 10 என்ற எண்ணில். 1948 சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையாக இருந்தது. பழைய புல்லட்டுக்குக் குரோம் போட்டுத் தரும் பட்டறையில் 3 பேர் இருப்பார்கள், அதிகம் போனால் 5 பேர். இன்ஸ்பெக்டர் அந்த வாசலைத் தாண்டத் தேவையில்லை. 2020-இன் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த 10-ஐ 20 ஆக உயர்த்தியது. வாசல் இன்னும் உயரமாகிவிட்டது.

உள்ளே இருப்பவர்களுக்கும் அளவுகோல் தளர்வுதான். தொழிற்சாலைகள் சட்டம் காற்றில் அனுமதித்த குரோமிக் அமிலத்தின் அளவு ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். அமெரிக்கா 2006-இல் நிர்ணயித்தது 0.005 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு. மூக்கு எல்லா நாட்டிலும் ஒரே மூக்குதான்.

இழப்பீடு கேட்கப் போனால் எத்தனை மாதம் எங்கே தொடர்ந்து வேலை பார்த்தாய் என்ற கேள்வி வரும். வாரக் கூலியைக் கையில் வாங்கியவரிடம் வருகைப் பதிவு இருக்காது, சம்பளச் சீட்டு இருக்காது. மூக்கில் இருக்கும் ஓட்டை மட்டும் ஆவணமாக இருக்கும்.

அதே உலோகம், ராணிப்பேட்டை

குரோமியத்தின் கதை பட்டறையோடு முடியவில்லை. தாதுவிலிருந்து முதலில் கிடைப்பது சோடியம் பைகுரோமேட். அதிலிருந்து ஒரு பாதை முலாம் தொட்டியின் குரோமிக் அமிலத்துக்குப் போகிறது. இன்னொரு பாதை தோல் பதனிடும் குரோமிய உப்புக்குப் போகிறது. இரண்டாவது பாதை நம் பழைய வட ஆற்காட்டின் வழியாகப் போனது.

ராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம் அந்த உப்புகளைத் தயாரித்தது. 1995-இல் மூடிக்கொண்டு போனது. 1 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை அங்கேயே விட்டுவிட்டது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். 2006-இல் உலகின் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியல் ஒன்று வெளியானபோது ராணிப்பேட்டை அதில் இருந்தது. பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. சட்ட மாணவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை அதே ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி இறந்ததையும் அந்தத் தீர்ப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒருகாலத்தில் கொல்லன் துருத்திக்குத் தோல் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் தோல் ஆலையில் குரோமியத் தொட்டிக்குள் இறங்கினார்கள். சிலர் முலாம் பட்டறையில் குரோமியத் தொட்டியின் மேல் குனிந்தார்கள். தொழில் மாறியது, ஊர் மாறியது. தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

வண்டிக்குப் பதிவு உண்டு

2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கென்று தனி விதிகள் வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு 'விஏ' என்ற தனி எழுத்து வரிசையில் நம்பர் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பாரம்பரியத்தைக் காப்பது நல்லதுதான். ஆனால் அந்த மூல வடிவத்தைக் கையால் காப்பாற்றிக் கொடுக்கிறவருக்கு எந்தப் பதிவேட்டிலும் எந்த வரிசையும் இல்லை.

செய்கிறவரின் கதை இது என்றால், ஓட்டுகிறவரின் கதையும் இருக்கிறது. ஊர்த்தெருவில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தலைமுறை நம் வீட்டிலேயே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டி வந்த ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகள் வெட்டப்பட்டன. எங்கள் முன்னால் நீ புல்லட் ஓட்டுவதா என்று கேட்டு வெட்டியதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி மூன்று பேர் கைதானார்கள். புல்லட்டைப் பளபளக்கச் செய்ய நம் கை தேவைப்படுகிறது. அதே கை ஹேண்டில்பாரைப் பிடித்தால் சாதிக்குப் பொறுக்கவில்லை.

நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, சட்டத்தின் எண்ணைப் பற்றி. 1948 சட்டத்தின் 85-ஆவது பிரிவு, 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கும் சட்டத்தை விரிவாக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்திருந்தது. சட்டம் செய்தவர்களுக்கு இந்த ஓட்டை தெரிந்தே இருந்தது என்பதற்கு அந்தப் பிரிவே சாட்சி. புதிய தொகுப்புச் சட்டத்தின் காலத்திலும் அந்தக் கோரிக்கை மாறவில்லை: அமிலத்தொட்டி இருக்கும் இடத்தில் ஒருவர் வேலை செய்தாலும் பாதுகாப்பு விதி பொருந்த வேண்டும்.

இரண்டாவது, மாற்று இருக்கிறது. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியத்தில் அலங்கார முலாம் போடும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது, ஆபத்து மிகக் குறைவு. நிறம் கொஞ்சம் வேறுபடும் என்று பழைய வண்டிப் பிரியர்கள் குறை சொல்வார்கள். ஒரு சாயல் நிறத்துக்கும் ஒரு மனிதரின் மூக்குக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். பழைய முறையே தொடர்ந்தாலும் தொட்டி விளிம்பில் உறிஞ்சுக் குழாய், ஆவி எழாமல் தடுக்கும் ரசாயனம், கையுறை, முகக்கவசம், ஆண்டுக்கு இருமுறை மூக்குப் பரிசோதனை என்பவை பெரிய தொழிற்சாலைக்கு மட்டுமான ஆடம்பரம் அல்ல.

மூன்றாவது, உங்களுடைய வேலை. சமூகவியலும் வரலாறும் படிக்கிற நண்பர்கள் உங்கள் ஊரிலிருந்து பட்டறைக்குப் போனவர்களைக் கண்டு பேசுங்கள். எந்த வருடம் போனார், யார் அழைத்துப் போனார், என்ன வேலை தரப்பட்டது, எந்த வேலை தரப்படவில்லை, உடம்பில் என்ன மாறியது என்று தேதியோடு எழுதுங்கள். அவர் அனுமதித்தால் மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நாளை இழப்பீடு கேட்கும்போது அதுதான் வருகைப் பதிவேடு. ஐ.டி.ஐ. சேர்க்கை நேரத்தில் நம் தம்பி தங்கைகளை ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகளில் சேர்த்துவிடுங்கள். அளவெடுக்கும் பக்கத்துக்குப் போகிற கதவு இன்றும் அதுதான். 1942-இல் அண்ணல் கேட்ட கதவும் அதுதான்.

உலோகவேலை நமக்கு அவமானம் அல்ல. லேத்தில் மரை வெட்டுவதும், சுருக்கத்தைக் கணக்குப் போட்டு வார்ப்பதும், கீறலே இல்லாமல் தேய்ப்பதும் அறிவு. அந்த அறிவுக்கு உரிய பெயரும் கூலியும் சுவாசிக்கக் காற்றும் கேட்பதுதான் நம் கேள்வி.

அடுத்த முறை மீட்டெடுத்த பழைய புல்லட் ஒன்றைப் பார்த்தால் எந்த வருடத்து மாடல் என்று கேளுங்கள். கூடவே, குரோம் எந்தப் பட்டறையில் போட்டது, அங்கே தொட்டிக்கு மேல் காற்றை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.